வீட்டு கார்ட்லெஸ் போனில் நம்பர் ஏற்றுவதும், ஏற்றியதைத் தேடி அழைப்பதும்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டு ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு கார்ட்லெஸ் போன் இருக்கிறது. ஹென்போனும், அதாவது கைப்பேசியும், வைத்திருக்கிறார், ஆனால் அது பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் கை தானாக கார்ட்லெஸ் பக்கம்தான் போகும், ஏனென்றால் அதில் பொத்தான் பொத்தானாக இருக்கிறது, அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரிகிறது, கன்னம் பட்டு லைன் அணைந்து போவதில்லை. சிக்கல் என்னவென்றால் நம்பர்கள் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. எழுபது வயதைத் தாண்டிய பிறகு தலைக்குள் இருந்த நம்பர்களில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாற ஆரம்பித்தது, யாரோ ஒரு மலாய்க்கார அக்காவிடம் வாரத்துக்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து போன்புக்கில் நம்பர் ஏற்றினேன்.

ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் நான் முதல் தடவை ஏற்றிய முறை தப்பு, இரண்டாவது தடவையும் பாதி தப்பு. மூன்றாவது தடவை சரியாக வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அம்மா வீட்டில் இருப்பது பேனசோனிக், உங்கள் வீட்டில் வேறு பிராண்ட் இருக்கலாம். பொத்தானின் பெயரும் மெனுவின் வரிசையும் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

முதலில் போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். போனில் அழைக்கப் போகிறவர், அதாவது அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, பக்கத்தில் இருக்க வேண்டும். யார் யாருக்கு அழைப்பீர்கள் என்று கேட்டு, அவர் வாயில் என்ன பெயர் வருகிறதோ அதையே எழுதுங்கள். என் முதல் தப்பு இங்கேதான் நடந்தது. நான் என் ஹென்போனைப் பார்த்து எல்லாருடைய முழுப்பெயரையும் ஒழுங்காக ஏற்றினேன். அடுத்த நாள் அம்மா அழைத்து, "சித்தப்பா நம்பரைக் காணோமே" என்றார். இருந்தது, ஆனால் சித்தப்பாவின் அடையாள அட்டைப் பெயரில் இருந்தது. நாற்பது வருடமாகச் சின்னவர் என்று கூப்பிடுகிறவரை அந்தப் பெயரில் அம்மா எப்படித் தேடுவார்? கிளினிக்கும் அப்படித்தான். பலகையில் டாக்டர் பெயர் என்னவோ இருக்கட்டும், அம்மாவுக்கு அது கார்னர் கிளினிக். கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுவருகிற பையன், கேஸ். அவ்வளவுதான், அப்படியே எழுதுங்கள்.

தாளில் பெயருக்குப் பக்கத்தில் நம்பரை எழுதும்போது இலக்கங்களை எண்ணிப் பாருங்கள், பாதித் தப்பு இங்கேயே பிடிபடும். பினாங்கு வீட்டு நம்பர் என்றால் 04-க்குப் பிறகு ஏழு இலக்கம், கெடாவும் பெர்லிசும் அதே 04-தான், அதனால் சுங்கைப் பட்டாணி உறவுக்காரர்களுக்கும் இதே கணக்கு. கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் 03-க்குப் பிறகு எட்டு. ஈப்போ 05, ஜொகூர் 07. ஹென்போன் என்றால் 012, 016, 019 போன்றவற்றில் மொத்தம் பத்து இலக்கம் வரும், 011-இல் தொடங்கினால் மட்டும் மொத்தம் பதினொன்று. பிள்ளைகள் புதிதாக வாங்குகிற நம்பர் பெரும்பாலும் 011-ஆக இருக்கும், பெரியவர்கள் பத்தோடு நிறுத்திவிட்டு "போகவில்லை, போகவில்லை" என்பார்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வாட்சாப்பில் இருந்து நம்பரைப் பார்த்து எழுதும்போது முன்னால் ஒரு கூட்டல் குறியும் 60-ம் இருக்கும். கூட்டல் குறி ஹென்போனுக்குப் புரியும், வீட்டு போனுக்கு அது தேவையில்லாத சரக்கு. கூட்டலையும் 60-ஐயும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் போட வேண்டும், 6012 என்று தொடங்குவது 012 ஆகும். இந்திய நம்பர் என்றால் கூட்டலுக்குப் பதில் இரண்டு பூஜ்யம், அப்புறம் 91, அப்புறம் பத்து இலக்கம். ஊரில் இருக்கிறவர்கள் நம்பர் சொல்லும்போது முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துச் சொல்வார்கள், அது அவர்கள் நாட்டுக்குள் அடிப்பதற்கு, இங்கே இருந்து அடிக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். சென்னை வீட்டு நம்பர் என்றால் 0091-க்குப் பிறகு 44, பிறகு எட்டு இலக்கம். சிங்கப்பூருக்கு நம் வீட்டு லைனில் 02 போட்டு எட்டு இலக்க நம்பரை அடிப்பது பழைய வழக்கம், அம்மா இன்னும் அப்படித்தான் அடிக்கிறார். வெளிநாட்டு அழைப்பு உங்கள் லைனில் திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதனால் வெளிநாட்டு நம்பரை ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை கையால் அடித்துப் பாருங்கள். மணி அடித்தால் ஏற்றுங்கள். போகாத நம்பரைப் பத்திரமாகச் சேமித்து வைத்து என்ன பயன்?

தாள் தயார். இப்போது போன்.

ரிசீவரைத் தாங்கியில் இருந்து எடுங்கள், பச்சைப் பொத்தானை அழுத்தாதீர்கள். டயல் டோன் கேட்டுக்கொண்டிருக்கும்போது மெனுவுக்குள் போகக் கூடாது. பலரும் பழக்க தோஷத்தில் பச்சையை அழுத்திவிட்டு, பிறகு புத்தகப் படம் போட்ட பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் லைன் டூட் டூட் என்று கத்த ஆரம்பித்துவிடும். பதற்றத்தில் கை இன்னும் இரண்டு பொத்தானை அழுத்தும். லைன் அணைந்திருக்க வேண்டும், திரையில் நேரம் மட்டும் தெரிய வேண்டும், அப்போதுதான் தொடங்குங்கள். பேட்டரிப் படம் காலியாகிச் சிமிட்டிக்கொண்டிருந்தால் முதலில் சார்ஜில் வையுங்கள், பாதிப் பெயரில் ரிசீவர் அணைந்து போனால் மறுபடி முதலில் இருந்துதான்.

புத்தகப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் போன்புக் திறக்கும். சில மாடலில் அது நடுவில் இருக்கும் வட்டப் பொத்தானின் ஒரு பக்கமாக இருக்கும், மேல் அம்பு, கீழ் அம்பு, பக்கத்தில் குட்டியாகப் புத்தகம். திறந்ததும் மெனு பொத்தானை அழுத்துங்கள், புதிதாகச் சேர்ப்பதற்கான வரி வரும், ஓகே கொடுங்கள். பெயர் கேட்கும். பெயர் அடித்து ஓகே. நம்பர் கேட்கும். அடித்து ஓகே. சில மாடல் இதன் பிறகு எந்தப் பிரிவு என்று கேட்கும், தனி மணி ஓசை வைப்பதற்காக, இப்போதைக்கு ஓகே கொடுத்துத் தாண்டுங்கள். கடைசியில் சேமிக்கச் சொல்லி இன்னொரு ஓகே, ஒரு பீப் சத்தம். அந்தச் சத்தம் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அடித்ததெல்லாம் போய்விடும். என் அக்கா மூன்று நம்பரை இப்படித் தொலைத்தாள், நம்பரை அடித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து ரிசீவரைத் தாங்கியில் வைத்துவிடுவாள்.

பெயர் அடிப்பதுதான் நேரம் எடுக்கும் வேலை. இந்த போனில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், பழைய நோக்கியாவில் குறுஞ்செய்தி அடித்தவர்களுக்குப் பழகிய விஷயம். 2-இல் ஏ, பி, சி மூன்றும் இருக்கிறது, ஒரு முறை அழுத்தினால் ஏ, இரண்டு முறை என்றால் பி, மூன்று என்றால் சி. மாமா என்று அடிப்பது சுலபம்: 6, 2, 6, 2, ஒவ்வொன்றும் ஒரே முறை, முடிந்தது. அக்கா கொஞ்சம் வேலை வாங்குவாள். முதலில் 2 ஒரு முறை, அது ஏ. அப்புறம் கே, அது 5-இல் இரண்டாவது எழுத்து, அதனால் 5 இரண்டு முறை. இப்போது இரண்டாவது கே வேண்டும், அதுவும் அதே 5. நிற்காமல் மறுபடி அழுத்தினால் முன்னால் வந்த கே மாறி எல் ஆகிவிடும். ஒரு நொடி பொறுத்திருங்கள், அல்லது வலப்பக்க அம்பை ஒருமுறை தட்டுங்கள், கோடு அடுத்த இடத்துக்கு நகரும், அப்புறம் 5 இரண்டு முறை. கடைசியில் 2 ஒரு முறை. அம்மா, அப்பா, அண்ணா, தாத்தா, பாட்டி என்று நம் உறவில் பாதிக்கு மேல் இரட்டை எழுத்து, ஆகையால் அந்த வலப்பக்க அம்போடு சினேகம் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்குப் பெரும்பாலும் 0. தப்பாக அடித்தால் அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும், ஒரு தட்டு தட்டினால் ஒரு எழுத்து போகும், அழுத்திப் பிடித்தால் மொத்தமும் போகும்.

அம்மாவின் போனில் ஒரு பெயருக்குப் பதினாறு எழுத்துதான் இடம். பெரியம்மா ஈப்போ என்பது பதின்மூன்றில் அடங்கிவிடும். சித்தப்பா சுங்கைப் பட்டாணி அடங்காது, ஆனால் அந்த ஊரை எஸ்பி என்று சொல்லாத வடக்கத்திக்காரர் யார், சித்தப்பா எஸ்பி என்று போட்டேன், இடம் மிச்சம். இரண்டு மாமா, மூன்று சித்தி இருக்கிற வீட்டில் ஊர்ப் பெயரைச் சேர்ப்பது கட்டாயம், வெறும் மாமா என்று இரண்டு வரி இருந்தால் திரையைப் பார்த்து யார் எந்த மாமா என்று சீட்டுக் குலுக்க வேண்டியதுதான்.

போன்புக் அகர வரிசையில், அதாவது ஆங்கில எழுத்து வரிசையில், தானாகவே அடுக்கிக்கொள்ளும். நாம் ஏற்றிய வரிசை அதற்கு முக்கியமில்லை. இதனால் நம் உறவுமுறைக்கு ஒரு வேடிக்கை நடக்கிறது: அக்கா, அண்ணன், அத்தை, சித்தி, சித்தப்பா எல்லாரும் 2-ஆம் பொத்தானில் வந்து குவிகிறார்கள், மாமாவும் மாமியும் 6-இல், பெரியம்மா, பெரியப்பா, பாட்டி 7-இல், தம்பியும் தாத்தாவும் 8-இல். 9-ஆம் பொத்தானில் ஈ காக்கை இல்லை. அவசரத்துக்கு வேண்டிய ஒன்றிரண்டு பெயர் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும் என்றால் பெயருக்கு முன்னால் இரண்டு ஏ போட்டு ஒரு இடைவெளி விடுங்கள். ஏஏ கிளினிக் என்றால் போன்புக்கைத் திறந்ததும் முதல் வரியே கிளினிக்தான். ஆனால் இதை ஒன்றிரண்டோடு நிறுத்த வேண்டும், எல்லாருக்கும் ஏஏ போட்டால் யாருக்கும் போடாதது மாதிரிதான்.

இப்போது அழைப்பது. புத்தகப் பொத்தானை அழுத்துங்கள், கீழ் அம்பைத் தட்டிக்கொண்டே போங்கள், பெயர் வந்ததும் பச்சை. இருபது பெயர் வரைக்கும் இது போதும். அதற்கு மேல் போனால் எழுத்தைத் தட்டித் தாவுவது நல்லது: போன்புக் திறந்திருக்கும்போது பெயரின் முதல் எழுத்து இருக்கிற பொத்தானை அழுத்தினால் பட்டியல் அந்த எழுத்துக்குத் தாவும். சித்தி என்றால் சி மூன்றாவது எழுத்து, 2-ஐ மூன்று முறை தட்ட வேண்டும். சில பழைய மாடலில் தாவுவதற்கு முன்னால் மெனுவில் தேடுவதற்கான வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

இதை நான் பினாங்குத் தீவில் என் வீட்டில் இருந்துகொண்டு, போன் வழியாகவே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். ஹென்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு கார்ட்லெஸ்ஸைக் கையில் பிடித்திருக்கிறார். பெரியம்மாவைத் தேட வேண்டும். "பி அழுத்துங்கம்மா" என்றேன். அழுத்தினார். பெரியம்மா இல்லை என்றார். மறுபடி அழுத்தினார், இல்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாம் தமிழில் சொல்லும் பி இரண்டு இருக்கிறது, ஒன்று 2-ஆம் பொத்தானில், இன்னொன்று 7-ஆம் பொத்தானில், அம்மா 2-ஐ அழுத்திக்கொண்டிருக்கிறார். சரி, எண்ணைச் சொல்லிவிடலாம் என்று, "ஏழை அழுத்துங்கம்மா" என்றேன். "எந்த ஏழையைடா?" என்றார். அதற்குப் பிறகு நான் எழுத்தும் சொல்வதில்லை, வேற்றுமை உருபும் சேர்ப்பதில்லை, ஏழாம் நம்பர் பொத்தான், ஒரு தட்டு, அப்புறம் கீழ் அம்பு, இப்படித்தான் சொல்கிறேன். டி-யும் இதே கதை, ஒன்று 3-இல், ஒன்று 8-இல். நீங்களும் யாருக்காவது தொலைவில் இருந்து சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் எழுத்தை மறந்துவிட்டு எண்ணிலேயே பேசுங்கள்.

கண் மங்கியவர்களுக்குப் போன்புக்கை விட நல்லது ஒற்றைப் பொத்தான் அழைப்பு. ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தால் அதற்கென்று வைத்த நம்பர் திரையில் வரும், பச்சையை அழுத்தினால் போகும். சில மாடலில் பச்சை கூட வேண்டாம், பிடித்த உடனே போய்விடும். இதை வைப்பதற்கு, போன்புக்கில் அந்தப் பெயரில் நின்றுகொண்டு மெனுவை அழுத்தினால் இதற்கான வரி இருக்கும், எந்தப் பொத்தான் என்று கேட்கும், தேர்ந்தெடுத்து ஓகே. 1-ஆம் பொத்தானைச் சில மாடல் குரல் அஞ்சலுக்கு என்று எடுத்து வைத்திருக்கும், ஆகவே 2-இல் இருந்து தொடங்குவது தொந்தரவில்லை.

எந்தப் பொத்தானில் யார் என்பதை யோசித்து வையுங்கள். உங்கள் போனில் 5-ஆம் பொத்தானைத் தடவிப் பாருங்கள், நடுவில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்கு அகப்படும் ஒரே பொத்தான் அது. நான் முதலில் அதில் என் நம்பரை வைத்தேன், மூத்த பிள்ளை என்கிற மிதப்பில். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்குத் தலை சுற்றி, இருட்டிலேயே 5-ஐப் பிடித்து என்னை அழைத்தார். நான் தீவில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன், மலையடிவாரத்தில் இருந்து இறங்கி பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தையும் தாண்டிப் போய்ச் சேர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது, அதற்குள் பக்கத்து லோரோங்கில், அதாவது சந்தில், இருக்கும் சித்தியை நான் அழைத்துச் சொல்லி, அவர் போய் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, அம்மா எழுந்து உட்கார்ந்து எனக்குக் காப்பி கலக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே 5-இல் சித்தியின் நம்பரை வைத்தேன், நான் 2-க்கு மாறினேன். அதிகம் பாசமானவரை அல்ல, ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டக் கூடியவரை 5-இல் வையுங்கள்.

அவசர உதவிக்கான 999-ஐ ஒற்றைப் பொத்தானில் வைக்காதீர்கள். அது மூன்றே இலக்கம், ஒரே பொத்தான் மூன்று தடவை, அதைச் சுருக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளி விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ரிசீவரை எடுத்து விளையாடும்போது ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், வேறு யாருக்காவது போனால் சிரித்துவிட்டுப் போகலாம். பொத்தான்களைப் பூட்டும் வசதி இருந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் போட்டு வைப்பதும் உண்டு, ஆனால் அம்மாவுக்குப் பூட்டைத் திறக்கத் தெரிய வேண்டுமே.

நம்பரை அடிக்காமலே ஏற்றும் வழி ஒன்று இருக்கிறது. அழைப்பவர் நம்பர் காட்டும் வசதி உங்கள் லைனில் இருந்தால், வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்து, வேண்டிய நம்பரில் நின்று மெனுவை அழுத்தினால் போன்புக்கில் சேர்க்கும் வரி வரும், பெயரை மட்டும் அடித்தால் போதும். நான் இப்போது இந்த வழியைத்தான் விரும்புகிறேன். உறவுக்காரர்களிடம், "அம்மா வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை போய் வரிசையாக ஏற்றிவிடுவேன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. யார் அழைக்கிறார் என்று திரையில் பெயர் காட்ட வேண்டுமானால், வருகிற நம்பரும் போன்புக்கில் இருக்கிற நம்பரும் இலக்கம் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் 04 இல்லாமல் ஏழு இலக்கத்தை மட்டும் ஏற்றி, அழைப்பு 04 சேர்ந்து வந்தால், சொந்த அத்தையே திரையில் பெயரில்லாத நம்பராகத்தான் வருவார். வந்த பட்டியலில் இருந்து எடுத்தால் அந்தத் தகராறு இல்லை.

பெயர் காட்டுவது ஏன் முக்கியம் என்றால், வீட்டு போனுக்கு வருகிற ஏமாற்று அழைப்பு. போலீஸ் என்பான், பேங்க் என்பான், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்பான், கடைசியில் பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள் என்பான். அம்மாவிடம் ஒரே விதி சொல்லியிருக்கிறேன்: திரையில் பெயர் வந்தால் எடுங்கள், வெறும் நம்பர் வந்தால் அடிக்க விடுங்கள், வேண்டியவர் மறுபடி அழைப்பார். போன்புக் முழுசாக இருந்தால்தான் இந்த விதி செல்லும். யாராவது பணத்தை ஏமாந்து அனுப்பிவிட்டால் உடனே அழைக்க 997 இருக்கிறது, 2022-இல் தொடங்கிய மோசடிப் புகார் நம்பர், அதைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மின்சாரம் போனால் புகார் சொல்லும் 15454-ம் அதே தாளில் இருக்கிறது. சொல்லப் போனால் மின்சாரம் போனால் கார்ட்லெஸ்ஸும் போய்விடும், அடிப்பெட்டி கரண்டில்தான் ஓடுகிறது. ஃபைபர் லைன் என்றால் மோடமும் சேர்ந்து அணையும். ஆகையால் அந்த நேரத்துக்கு ஹென்போன்தான், அதற்குத்தான் தாள்.

அலுவலகத்திலோ கோயில் ஆபீசிலோ வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டியிருந்தால், ஏற்றும் நம்பரிலும் 9 போட்டு, அடுத்து ஒரு இடைநிறுத்தம் சேர்க்க வேண்டும். மறுஅழைப்புப் பொத்தானே பெரும்பாலும் இதற்கும் பயன்படும், திரையில் ஒரு பி எழுத்து விழும், போன் அந்த இடத்தில் சில விநாடி நின்று, லைன் கிடைத்த பிறகு மிச்சத்தை அடிக்கும். வீட்டில் இது தேவைப்படாது.

திருத்துவதும் அழிப்பதும் அதே மெனுவில்தான். பெயரில் நின்று மெனுவை அழுத்தினால் திருத்து, அழி, எல்லாவற்றையும் அழி என்று மூன்று வரி. கடைசி இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்று. தைப்பூசத்துக்கு முந்தின வாரம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் ஏற்பாட்டுக்காக அம்மா நாளைக்கு இருபது பேருக்கு அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பழைய பூக்கடை நம்பர் ஒன்றை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீழ் அம்பு ஒரு தட்டு அதிகம். உறுதியா என்று போன் கேட்டது, நானும் படிக்காமல் ஓகே கொடுத்தேன். முப்பத்தெட்டு பெயர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய் மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டியின் கிழித்த தாள்களை நூலில் கோர்த்து வைத்திருந்ததை எடுத்துவந்து என் மடியில் போட்டார். நான் ஏற்றின நாளில் எழுதிய தாள் எனக்கே எங்கே என்று தெரியாது, அவரோ ஒவ்வொரு நம்பரையும் தன் கையெழுத்தில் அந்தத் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார், கேஸ் என்று, சின்னவர் என்று, தமிழில்.

இரண்டு ரிசீவர் இருக்கிற வீடாக இருந்தால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடலில் போன்புக் ரிசீவருக்குள்தான் இருக்கிறது, அடிப்பெட்டியில் இல்லை. ஹாலில் ஏற்றியது படுக்கையறை ரிசீவரில் வராது. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு நகல் அனுப்பும் வரி மெனுவில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்பலாம், இல்லாவிட்டால் மறுபடி அடிப்பதுதான். ஒற்றைப் பொத்தான் வரிசையும் இரண்டு ரிசீவரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஹாலில் 5 சித்தி, அறையில் 5 பூக்கடை என்று இருந்தால் ராத்திரி ஒரு மணிக்குப் பூக்கடைக்காரர் எழுந்து வருவார்.

பேட்டரி மாற்றும்போது பொதுவாக நம்பர் போகாது, ஆனாலும் மாற்றுவதற்கு முன்னால் தாளைச் சரிபார்த்துவிடுங்கள். இதில் போடுவது சார்ஜ் ஏறும் நிக்கல் பேட்டரி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரியைப் போட்டுத் தாங்கியில் வைக்கக் கூடாது, கசியும், சூடாகும். மழைக்காலத்தில் இடி விழும்போது அடாப்டரையும் போன் வயரையும் கழற்றி விடுகிற பழக்கம் அம்மாவுக்கு உண்டு, நல்ல பழக்கம்தான், மறுபடி மாட்ட மறந்துவிடுவார், அது தனிக் கதை.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு நீங்கள் அழைத்துப் பார்க்காதீர்கள், அவரை அழைக்கச் சொல்லுங்கள். நான் வாசலில் போய் நின்றுகொண்டு, "எனக்கு அடிங்க" என்றேன். 2-ஐத் தொட்டார், விட்டார். பிடிக்க வேண்டும் என்றேன். பிடித்தார், நம்பர் வந்தது, பச்சையை அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது தடவை என் ஹென்போன் அடித்தது. எடுத்தேன். வாசலுக்கும் ஹாலுக்கும் பத்தடி, நேராகவும் கேட்கிறது, போனிலும் கேட்கிறது. "சாப்பிட்டியா?" என்றார்.